கலப்பையும் காட்டுப் பயணமும்



கலப்பை என்றதும் உழுகின்ற கருவியே நம் நினைவுக்கு வரும். பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாத்திலே அச்சொல் வேறு பொருளில் நிற்கின்றது. கலம் என்பது அங்கே இசைக்கருவி. கலங்களை இட்ட பை கலப்பை. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர் முழவு, கொம்பு, குழல் முதலியவற்றைப் பையிலிட்டு இறுகக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். கார்காலத்துப் பலாவிலே கொத்தாகத் தொங்கும் காய்களைப் போல அப்பைகள் தோன்றினவாம். பெருங்கௌசிகனார் பலாவை உற்றுப் பார்த்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வழியிலே காலை வழுக்கும் இடங்கள் உண்டு, கொடிகளைப் பற்றிக்கொண்டு, பிள்ளைகளைக் காத்து, ஒருவர் பின் ஒருவராகக் கடந்து செல்லுங்கள் என்றும் புலவர் சொல்கிறார். இதை வகுப்பிலே விளக்கியபோது பிள்ளைகள் விழித்தார்கள். மலையே இல்லாத மண் எங்களுடையது. வழுக்குப் பாறையை அவர்கள் எங்கே கண்டார்கள்? அதனாலேதான் சிங்கராஜ வனத்துக்குப் போவதென்று முடிவாயிற்று.

1988 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்ந்த மழைக்காடு அது. இரண்டு பருவக்காற்றுகளும் அங்கே மழை தருகின்றன. ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்குக் குறையாது. யாழ்ப்பாணத்துக்கு அதிலே பாதியளவே கிடைக்கும். ஆனால் குளிரும் இடமல்ல, வெக்கையோடு கூடிய ஈரம். ஆகவே கம்பளிச் சட்டை வேண்டாம் என்றேன். ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் பாரம், மறுநாளும் காயாது. ஒரு சாரம் போதும். அதுவே உடை, துவாய், இரவிலே போர்வை. குடை கிளைகளிலே சிக்கும், மழை அங்கி நல்லது. மேசு இரண்டு சோடி, அதற்குள் காற்சட்டையின் நுனியைச் செருக வேண்டும். கடித்த அட்டையை விழுத்தச் சிறிது உப்பு. குறிப்பெழுதப் பென்சில், ஏனெனில் பேனா மை ஈரத்திலே கரைந்துவிடும்.

இரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்பு, அடையாள அட்டைக்குப் பொலித்தீன் என்று நான் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னால் நின்ற பெற்றோர் சிரிக்கவில்லை.

அவர்களுடைய வயதுதான் எனக்கும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது நான் சிறுவன். அம்மா எடுத்தவை காணி உறுதி, எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், ஒரு கேத்தில். எல்லாம் ஓர் உரப்பைக்குள். அதற்குப் பின்பும் பல ஆண்டுகள் எங்கள் வீட்டுக் கதவின் பின்னே ஒரு பை கட்டியபடியே தொங்கிற்று. அதைப் பயணப்பை என்று யாரும் சொன்னதில்லை. மகிழ்ச்சிக்காகப் பை கட்டுவதை எங்கள் தலைமுறை பிந்தித்தான் பழகியது.

கூத்தரின் பையிலே அவர்களுடைய தொழில் இருந்தது. எங்கள் பைகளிலே, நாங்கள் யாரென்று பிறருக்குக் காட்டுவதற்கான கடதாசிகள் இருந்தன.

புறப்படுமுன் பைகளைப் பார்வையிட்டேன். ஒரு மாணவியின் பையிலே பிறப்புச் சாட்சிப் பத்திரமும் சாதாரண தரச் சான்றிதழும் இருந்தன. பிரதிகளல்ல, மூலங்கள்.

“காட்டுக்கு இது எதற்கு அம்மா?” என்று தாயாரைக் கேட்டேன்.

“இருக்கட்டும் சேர், பாரமில்லைத்தானே” என்றார்.

வெளியே எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு பொலித்தீன் உறையைக் கொடுத்து, இரட்டையாகச் சுற்றச் சொன்னேன்.

அங்கே நின்ற மூன்று நாளும் மழை. இரண்டாம் நாள் பாசி படிந்த பாறையொன்றிலே, கொடியைப் பற்றிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். அந்தப் பையும் எங்களோடு இறங்கிற்று.