தலையெழுத்தா? வர்க்கப்பூர்த்தியா?

(செட்டியார்பட்டிக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு நாம் புராணத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பயப்படுகிற ஒரு கணக்கைப் பற்றியே பேசப் போகிறோம். பத்தாம் வகுப்பிலே இருபடிச் சமன்பாடு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு சூத்திரமும் இருக்கிறது. அது எங்கேயிருந்து வந்தது என்று கேளாமல், அர்த்தம் தெரியாத மந்திரத்தைப்போல நம் பிள்ளைகள் அதை உருப்போடுகிறார்கள். பரீட்சையில் ஒரு எழுத்து மறந்தால் கணக்கே போய்விடுகிறது. உடனே பெற்றவர்கள், "அவளுக்குக் கணக்கு வராது, தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லி, பெண்பிள்ளையானால் மில்லுக்கோ தறிக்கோ அனுப்பிவிடுகிறார்கள். ஆகவேதான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

அந்தத் தலையெழுத்து எங்கே இருக்கிறதென்று பார்த்துவிடுவோம். ஒரு மனை, அகலத்தைவிட நீளம் 10 அடி அதிகம், பரப்பு 600 சதுர அடி. அகலம் எவ்வளவு? மனையடி சாஸ்திரக்காரரைக் கேட்டால், இத்தனை அடி ஆகும், இத்தனை அடி ஆகாது என்பாரே ஒழிய, இதற்கு விடை சொல்லமாட்டார்.

மனையைப்போல ஒரு காகிதத்தை எடுங்கள். அகலத்துக்குச் சமமான ஒரு சதுரமாகவும், மிச்சமுள்ள 10 அடிப் பட்டையாகவும் அதை வெட்டுங்கள். பட்டையை நெடுக்கே 5 அடி, 5 அடியாக இரண்டாக்கி, சதுரத்தின் ஒரு பக்கத்தில் ஒன்றையும் அடுத்த பக்கத்தில் மற்றொன்றையும் ஒட்டுங்கள். பெரிய சதுரம் வந்துவிட்டது. ஒரு மூலை மாத்திரம் காலி. அது 5-க்கு 5, அதாவது 25. அதை நிரப்பினால் மொத்தம் 625. அதன் வர்க்கமூலம் 25. ஒட்டிய 5-ஐக் கழித்தால் அகலம் 20, நீளம் 30. பெருக்கிப் பாருங்கள், 600! மைனஸ் 25-ம் வர்க்கமூலந்தான். அதன்படி மைனஸ் 30 என்று வரும். சமன்பாடு அதை ஏற்கும், மனை ஏற்காது. இதற்குத்தான் வர்க்கப்பூர்த்தி என்று பெயர். அந்தப் பயங்கரச் சூத்திரம், இதையே எண்ணுக்குப் பதில் எழுத்தை வைத்துச் செய்தது. வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

இதை யார் கண்டது? சுமார் 4000 வருஷங்களுக்கு முன்பே பாபிலோனியர் களிமண் பலகையில் இம்மாதிரிக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அல்-குவாரிஸ்மி இப்படியே படம் போட்டு விளக்கினார். அவர் புத்தகத்தின் பெயரிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற சொல்லே வந்தது. இந்த நாட்டிலும் ஸ்ரீதரர் ஒரு வழி சொன்னதாக 12-ஆம் நூற்றாண்டுப் பாஸ்கரர் எழுதியிருக்கிறார். ஆகவே இது எந்த மதத்துக்கும் ஜாதிக்கும் பாட்டன் சொத்தல்ல.

"இராமானுஜனுக்கு நாமகிரித் தாயாரல்லவா கணக்குச் சொன்னாள்?" என்று கேட்பீர்கள். இருக்கட்டும். 1913-ல் ஹார்டி அவருக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது தாயாரின் அருளையா? நிரூபணத்தை அல்லவா கேட்டார்!

தோழர்களே! சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்து, அன்றைக்குப் படிக்கக்கூடாது என்கிறீர்கள். அந்த நாளிலாவது உங்கள் பெண்ணின் கையில் காகிதமும் கத்தரிக்கோலும் கொடுங்கள். அந்த மூலையை அவளே நிரப்பட்டும். பிறகு தலையெழுத்து என்ன செய்கிறதென்று பார்ப்போம்.