'செற் அசைட்' என்றால் ஒதுக்குவதா, ரத்துச் செய்வதா?
(புதிதாக வந்தவர்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு ஒரேயொரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கதைப்பம். 'செற் அசைட்'. பிரித்தானியாவில் அகதித் தஞ்சம் கேட்டிருக்கிற நீங்கள் இதை இரண்டு இடத்தில் காண்பீர்கள். இரண்டிலும் பொருள் வேறு.

முதலாவது, காசு விசயம். உதவிக் கார்ட்டில் வாராவாரம் விழுகிற காசில், சொலிசிற்றரிடம் போய்வர பஸ் காசை முதலே எடுத்து வைக்கிறீர்கள் அல்லவா? அதுதான் செற் அசைட். ஒரு தேவைக்கென்று ஒதுக்கி வைப்பது.

இரண்டாவது, மேன்முறையீட்டுக் கடிதம். அங்கே இதன் பொருள், முந்தின தீர்ப்பை ரத்துச் செய்வது. 'தீர்ப்பு செற் அசைட் செய்யப்பட்டது' என்று கண்டவுடன், "என்ரை கேஸை ஒதுக்கிப் போட்டாங்கள்" என்று மனம் உடைய வேண்டாம்.

முதல் தீர்ப்பாயத்தின் தீர்ப்பில் சட்டப் பிழை இருந்தால், அப்பர் ரைபியூனல் எனப்படும் மேல் தீர்ப்பாயம் அதை ரத்துச் செய்யலாம். 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பாயச் சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. அதன்பிறகு இரண்டு வழி உண்டு. மேல் தீர்ப்பாயமே புதிய தீர்ப்பை எழுதும். அல்லது கேஸை முதல் தீர்ப்பாயத்துக்குத் திருப்பி அனுப்பும்.

ஆனபடியால், யார் அப்பீல் செய்தது என்று முதலில் பாருங்கோ. நீங்கள் தோற்று, நீங்கள் அப்பீல் செய்திருந்தால், இது நல்ல செய்தி. ஆனால் விசா கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. நீங்கள் வென்று, ஹோம் ஒபிஸ் அப்பீல் செய்திருந்தால், உங்கள் வெற்றிதான் ரத்தாகியிருக்கிறது. கேஸ் முடியவில்லை, திரும்பவும் ஆயத்தப்பட வேண்டும்.

சொலிசிற்றரிடம் இதையும் கேளுங்கோ: "முழுத் தீர்ப்புமே ரத்தா? எனக்குச் சாதகமாக நீதிபதி ஏற்றுக்கொண்ட விசயங்கள் அப்படியே நிற்கிறதா?" சிலவேளை அவற்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் திரும்ப விசாரிப்பார்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு சொல் 'றிசேர்வ்'. விசாரணை முடிவில் நீதிபதி தீர்ப்பை றிசேர்வ் செய்கிறேன் என்றால், நிராகரிப்பு அல்ல. முடிவை அன்றைக்குச் சொல்லாமல் பிறகு எழுத்தில் அனுப்புவார், அவ்வளவுதான்.

கடிதம் வந்தால் உறையையும் எறியாதேங்கோ. திகதியைப் பாருங்கோ. பதில் கொடுக்கும் காலக்கெடு குறுகியது. அன்றைக்கே சொலிசிற்றருக்கு அறிவியுங்கோ. ஒரு சொல் விளங்காவிட்டால், பக்கத்து அறைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் எங்களிடம் கொண்டு வாருங்கோ.