காலையில் அடைக்கும் மூக்கு

(வட்டார வள மையப் பயிற்சியில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



முதல் பாடவேளையிலேயே வாயைத் திறந்தபடி தூங்கி வழியும் பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பில் இருக்கும். "ராத்திரி டி.வி. பார்த்தாயா?" என்றுதான் கேட்போம். "எழும்போது மூக்கு அடைத்திருந்ததா?" என்றும் கேட்டுப் பாருங்கள்.

படுத்தால் மூக்கின் உட்சவ்வில் இரத்தம் கூடுதலாகத் தேங்கிச் சவ்வு சற்றே வீங்கும். இது எல்லோருக்கும் உள்ளதுதான். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தச் சிறு வீக்கமே அடைப்பாகிவிடும். ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் தலையணையில் இருக்கிறது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத தூசு உண்ணி, நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று அங்கே வாழ்கிறது. அதன் கழிவுதான் மூக்கை உறுத்துகிறது. உறைகளை வாரம் ஒருமுறை கை பொறுக்காத வெந்நீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். பாட்டிமார் தலையணையை வெயிலில் போட்டதும் வீண் வேலையல்ல; ஈரம் இல்லாத இடத்தில் உண்ணி பெருகாது. கொசுவர்த்திப் புகையும் அடைக்கும். வலை கட்டுவது மேல்.

உங்களில் சிலர் கைப்பையிலேயே சொட்டு மருந்து வைத்திருப்பீர்கள். அடைப்பை உடனே திறக்கும் அந்த மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், வேகம் தணிந்ததும் முன்னிலும் மோசமாக அடைக்கும். பிறகு மருந்தே நோய்.

சிறு பிள்ளைகளுக்கு இன்னொரு காரணம் உண்டு. மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை மூன்று முதல் ஏழு வயதில் பெரிதாக இருக்கும். வீங்கினால் குறட்டை, வாயால் மூச்சு, கெட்ட தூக்கம். காதுக்குப் போகும் குழலும் அடைபட்டு, நடுக்காதில் நீர் கட்டும். என்னிடம் வந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி, கரும்பலகையைப் பார்த்துப் பிழையில்லாமல் எழுதுவாள். சொல்வதை எழுதச் சொன்னால் பாதி தப்பு. கவனமில்லாதவள் என்று பெயரெடுத்திருந்தாள். அந்த வேறுபாட்டைக் கண்டு தாயை அழைத்துச் சொன்னவர் அவளுடைய வகுப்பாசிரியைதான். காதில் நீர் கோத்திருந்தது. சிகிச்சை முடியும்வரை முதல் வரிசையில் உட்காரவைக்கச் சொல்லி அனுப்பினேன்.

நாள் முழுதும் ஒரு பக்கம் மட்டும் அடைத்து, நாற்றத்துடன் சளி வந்தால், புளியங்கொட்டையோ ரப்பர் துண்டோ உள்ளே இருக்கலாம். நீங்கள் எடுக்க முயன்றால் இன்னும் உள்ளே போய்விடும். அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பட்டன் பேட்டரி என்று பிள்ளை சொன்னால், பள்ளி விடும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.