தொண்ணூற்றோர் ஆண்டு ஓடிய மின்சார வண்டி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் பேச வருவோர் பழந்தமிழ் நூல் ஒன்றையோ, பெரும்புலவர் ஒருவரையோ பொருளாகக் கொள்வது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை உயர்வுடையதன்று. இவ்விழாவிற்கு நம்முள் பலர் ஏறி வந்ததும், விழா முடிந்தபின் ஏறிச் செல்ல இருப்பதுமான மின்சார ரயிலைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகின்றேன்.

நம் குடியிருப்பில் கடிகாரம் இல்லாத வீடு இருந்தாலும் இருக்கலாம். 8-12 வண்டி எது, 8-27 வண்டி எது என்று அறியாத வீடு இல்லை. காலையில் அடுப்பு மூட்டுவதும், குழந்தைக்குத் தலை வாருவதும், பூசையை விரைந்து முடிப்பதும் அவ்வண்டியின் நேரத்தை ஒட்டியே நடைபெறுகின்றன. இங்ஙனம் நம் இல்லறத்தையே நடத்துகின்ற ஒன்றின் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

இந்நாட்டின் முதல் பயணிகள் ரயில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவிற்கு ஓடிற்று. அது நீராவி வண்டி. நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியதும் இப்பம்பாய் நகரிலேயே. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், அந்நாளைய கவர்னர் சர் லெஸ்லி வில்சன் தொடங்கிவைக்க, விக்டோரியா டெர்மினஸிலிருந்து துறைமுக வழியாகக் குர்லாவிற்கு நான்கு பெட்டிகளுடன் அவ்வண்டி சென்றது. தலைக்கு மேலே இழுத்துக் கட்டிய கம்பியில் ஓடியது 1500 வோல்ட் நேர்மின்சாரம். 1928 ஜனவரி 5-ஆம் நாள் மேற்குக் கரையோரப் பாதையில் கொலாபாவிலிருந்து போரிவ்லி வரையிலும் மின்சார வண்டி ஓடலாயிற்று. 1931-இல் நம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் கேஜ் மின்சார ரயில் வந்தது.

அந்த முதல் தலைமுறை வண்டிகள் அந்நிய ஆட்சியில் ஓடத் தொடங்கி, 1947-இல் நாடு விடுதலை பெற்றதைக் கண்டு, அதன் பின்னும் மக்களைச் சுமந்தன. அவற்றின் பின் வந்த வண்டிகளுக்குக் கால் நூற்றாண்டு ஆயுள் என்று ரயில்வே விதி வகுத்தது. அவ்வரம்பைக் கடந்தும் உழைத்தவை பல. ஒரு கணக்குக்காகச் சொல்கின்றேன். ஒரு வண்டி நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடுவதாகக் கொள்வோம். 25 ஆண்டுகளில் அது 22,50,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். சந்திரன் நமக்கு ஏறத்தாழ 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றது. ஆகவே நாம் நெருக்கியடித்து ஏறிய வண்டி, ஏறத்தாழ மூன்று முறை சந்திரனுக்குச் சென்று திரும்பிய தொலைவை ஓடியிருக்கும். ஆனால் அது சென்றது கல்யாண் வரை மட்டுமே!

இத்துணை நீண்ட ஆயுள் அதற்கு எங்ஙனம் கிட்டியது? முதற்காரணம் அதன் எளிய அமைப்பு. பழைய வண்டியை இழுத்தது தொடர் மோட்டார் என்னும் வகை. புறப்படும்பொழுது மிகுந்த இழுவிசையையும், வேகம் ஏற ஏறக் குறைந்த விசையையும் தருவது அதன் இயல்பு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று புறப்பட வேண்டிய வண்டிக்கு இது மிகவும் ஏற்றது. ஆயின், நின்ற நிலையில் முழு மின்சாரமும் ஒருங்கே பாய்ந்தால் மோட்டார் எரிந்துபோகும். ஆகவே நடுவே மின்தடைகளை வைத்து, வேகம் கூடக் கூட அவற்றை ஒவ்வொன்றாக விலக்கினர். பழைய வண்டி புறப்படுகையில் யாரோ பின்னின்று படிப்படியாகத் தள்ளுவது போன்ற உணர்ச்சி நமக்கு உண்டானது இதனாலேதான்.

இரண்டாவது காரணம் இன்னும் சிந்திக்கத்தக்கது. மோட்டாரின் உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பவை கார்பன் பிரஷ்கள் எனப்படும் சிறு கரித்துண்டுகள். சக்கரத்தை அழுத்தி வண்டியை நிறுத்துபவை பிரேக் கட்டைகள். இவை தேய்வதற்கென்றே அமைந்தவை. விலை குறைந்த சிறு உறுப்புத் தான் தேய்ந்து, விலை மிகுந்த பெரிய உறுப்பைக் காக்கின்றது. தேய்ந்ததைக் காலத்தில் மாற்றினால் வண்டி வாழும். மாற்ற மறந்தால் வண்டி வீழும்.

நான் சிறுவனாக இருந்தபொழுது, எங்கள் கட்டிடத்தின் மேல்மாடியில் கார் ஷெட்டில் இரவு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் குடியிருந்தார். கரித்தூள் படிந்த அவருடைய விரல்கள் எத்துணைச் சோப்புப் போட்டாலும் வெளுக்கமாட்டா. ஒருநாள் அவரை, “மாமா, நாங்கள் போகும் வண்டிக்கு என்ன வயது?” என்று கேட்டேன். அதில் எந்தப் பாகத்தின் வயது வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டார். பெட்டிக்கு ஒரு வயது, சக்கரத்திற்கு வேறு வயது, மறுபடி கம்பி சுற்றிய மோட்டாருக்கு இன்னொரு வயது, கரித்துண்டுக்குச் சில மாதம் என்று விளக்கிவிட்டு, உணவுத் தூக்குடன் வேலைக்குப் புறப்பட்டார். நாம் உறங்கச் செல்லும் நேரத்தில் அவர் செல்வார். காலையில் நாம் ஏறும் வண்டி பழுதின்றி வந்து நிற்கும். இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பை நான் உணரப் பல ஆண்டுகள் ஆயின.

1925-லேயே தோன்றிய குர்லா கார் ஷெட்டிலும், நம்மவர் நிறைந்த மாட்டுங்காவில் உள்ள ரயில்வே பணிமனையிலும், மேற்குப் பாதைக்கான மகாலட்சுமிப் பணிமனையிலும் இத்தகைய கைகள் எத்தனையோ உழைத்தன. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. இருப்புப்பாதை ஆறாயிற்று. வண்டியின் அடியில், அச்சினருகே தாழ்வாக அமைந்த மோட்டார்களுக்கு வெள்ளமே பெரும் பகை. நனைந்த மோட்டார்களைக் கழற்றி, உலர்த்தி, சோதித்துப் பொருத்திய பின்னரே வண்டிகள் மறுபடியும் ஓடின. அவற்றில் ஏறி அலுவலகம் சென்றோம். தாமதத்தைப் பற்றி முணுமுணுத்தோம். தொழிலாளரைப் பற்றி எண்ணினோமில்லை.

அன்பர்களே, பழமையைப் போற்றும் ஆர்வத்தில் உண்மையின் ஒரு பகுதியை மறைத்தல் தகாது. இவ்வண்டிகளின் வாசல்களுக்கு மூடும் கதவு இல்லை. காற்று வந்தது; கூட்டமும் தொங்கிற்று. இந்நகரின் புறநகர் இருப்புப்பாதைகளில் ஓராண்டில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்த ஆண்டுகள் பல. தண்டவாளத்தைக் கடந்தவர்கள் மிகுதி. வாசலிலிருந்து விழுந்தவர்களும் பலர். மாலையில் வர வேண்டிய ஒருவர் வராத வீடு நம் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் உண்டு. ஆகவே பழைய வண்டி என்றென்றும் ஓடியிருக்கலாகாதா என்று ஏங்குவோருடன் நான் சேரேன். நீண்ட ஆயுள் வண்டிக்கு மட்டும் வாய்த்து, அதில் ஏறியவனுக்கு வாய்க்காவிடில் என்ன பயன்? தாமே மூடும் கதவுகளுடன் கூடிய முதல் குளிர்சாதன வண்டி 2017 டிசம்பர் 25-ஆம் நாள் மேற்குப் பாதையில் ஓடத் தொடங்கியது. அது பிறந்த இடம், 1955-இல் தோன்றிய நம் பெரம்பூர்த் தொழிற்சாலை. நம்மைப் போலவே அதுவும் அங்கிருந்து வந்து இங்கே குடியேறியது!

பழைய மின்சாரமும் விடைபெற்றது. 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் மிகுந்த மின்னோட்டம் தேவைப்படும். துணைமின் நிலையங்களை நெருக்கமாக அமைக்க வேண்டும். 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில் அவ்விடர் குறைவு. சென்னை 1960-களிலேயே மாறிவிட்டது. பம்பாயிலோ ஒரு நாள் வண்டி நின்றால் நகரமே நின்றுவிடும். எனவே இருவகை மின்சாரத்திலும் ஓடவல்ல வண்டிகளை முதலில் கொணர்ந்து, இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சிறிது சிறிதாக வேலை செய்தனர். மேற்குப் பாதை 2012-இல் மாறிற்று. இறுதியாக 2016 ஏப்ரல் 9-ஆம் நாள் இரவு, நேர்மின்சாரத்தில் ஓடிய கடைசி வண்டி குர்லாவிலிருந்து புறப்பட்டுப் பழைய விக்டோரியா டெர்மினஸை அடைந்தது. 1925-இல் எங்குப் புறப்பட்டதோ, தொண்ணூற்றோர் ஆண்டு கழித்து அங்கேயே திரும்பி வந்து நின்றது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அழியாப் பொருளால் செய்ததனால் அவ்வண்டிகள் நெடுங்காலம் ஓடவில்லை. அழியும் பாகங்களை யாரேனும் ஒருவர் ஒவ்வோர் இரவும் பார்த்து மாற்றியதனால் ஓடின. மாற்ற வேண்டிய காலம் வந்தபொழுது, ஓட்டத்தை நிறுத்தாமலே மாற்றினார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்து இங்கே தமிழ் வகுப்பும் நூலகமும் நடத்தும் நமக்கும் இதுவே நெறி. ஆண்டுக்கு ஒருநாள் விழா எடுப்பதால் மட்டும் ஒரு சங்கம் நிலைக்காது. வாரந்தோறும் வந்து கதவைத் திறந்து, நாற்காலி போட்டு, குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர்களால் அது நிலைக்கின்றது.

இன்றிரவு நீங்கள் வீடு திரும்புகையில், வண்டி கார் ஷெட்டைக் கடந்து செல்லும்பொழுது, ஒரு கணம் சன்னல் வழியே நோக்குங்கள். அங்கே விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். உங்கள் நாளைக் காலைப் பயணம் அங்கே உருவாகிக்கொண்டிருக்கின்றது.