மானிப்பாய் மாணாக்கரும் நம்ம லயத்துப் பிள்ளைகளும்



யாழ்ப்பாணம் மானிப்பாயில் 1848இல் அமெரிக்க டொக்டர் சாமுவேல் கிறீன் வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். மாணாக்கர் சிலர் அவரோடு உட்கார்ந்து மூளை, நரம்பு, எலும்பு பற்றியெல்லாம் தமிழில் எழுதினார்கள். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ அச்சேறியது. நாமோ இங்கிலீசு தெரிந்தால்தான் இதெல்லாம் என்கிறோம்!

நம்ம பிள்ளைகள் எழுதவும் ஒரு காரியம் இருக்குது. லயத்தில் யாருக்கும் வலிப்பு வந்தால் பேய் என்கிறோம், கையில் இரும்பைத் திணிக்கிறோம். மூளையின் மின் ஓட்டம் தாறுமாறாவதால் வருவது அது. ஒருக்களித்துப் படுக்க வையுங்க. வாயில் எதையும் வைக்காதீங்க. ஐந்து நிமிசம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இதைப் பிள்ளைகளை எழுதச் சொல்லி லயத்துச் சுவரில் ஒட்டுங்க. எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.