நகத்தைப் பிடுங்காமலே நலம் பெறலாம்

(நம் பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பின் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நகச்சொத்தை. இமாம் பேச வேண்டிய பொருளா இது எனச் சிலர் வியக்கலாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

முதல் ஸஃப்பை ஒருநாளும் தவறவிடாத பெரியவர் ஒருவர், சென்ற ஆண்டு திடீரெனப் பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வீடு தேடிச் சென்று விசாரித்தோம். நெடுநேரம் மழுப்பியவர், இறுதியில் தம் பாதங்களைக் காட்டினார். இரு பெருவிரல் நகங்களும் மஞ்சளித்து, தடித்து, ஓரங்களில் மாவு போல் உதிர்ந்துகொண்டிருந்தன. பின் ஸஃப்பில் ஸஜ்தாவுக்குச் சென்ற இளைஞர் ஒருவர் அதைக் கண்டு முகம் சுளித்து விலகிக்கொண்டாராம். அந்த வெட்கமே அவரை வீட்டில் இருத்திவிட்டது. மருத்துவரிடம் போகலாமே என்றோம். "நகத்தைப் பிடுங்கிவிடுவார்களே, ஹஜ்ரத்!" என்றார். அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு.

அவருக்கு விடை கூறும் அனுபவம் நமக்கு இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நமது வலக்கால் பெருவிரலிலும் இதே நோய் கண்டது. அப்போது நாம் சென்ற இடத்தில், சோதனை ஏதுமின்றி, பிடுங்கிவிட்டால் தீர்ந்துவிடும் என்றார்கள், இசைந்தோம். இருப்பில் வலக்கால் விரல்களை ஊன்றி அமர இயலாமல், பல நாட்கள் நாற்காலியில் அமர்ந்தே தொழுதோம். இத்தனை வேதனைக்குப் பிறகு முளைத்த புது நகமும் மஞ்சளாகவே வந்தது! பிறகு நாடிய தோல் மருத்துவர்தாம் விளக்கினார்: "பூஞ்சை நகத்தில் மட்டுமன்று, நகத்தின் அடியிலுள்ள தோலிலும் தங்கியிருக்கிறது. அதை அழிக்காமல் நகத்தை மட்டும் எடுத்தால் நோய் திரும்பிவிடும்."

அவர் முதலில் செய்தது சோதனை. நகத் துணுக்கையும் அதன் அடியிலுள்ள பொடியையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் செய்தார். இது மிக அவசியம். உருமாறிய நகங்களில் ஏறத்தாழப் பாதிதான் பூஞ்சையால் வருபவை. காளாஞ்சகப் படை, பழைய அடி, இறுக்கமான காலணி ஆகியவற்றாலும் நகம் இவ்வாறு ஆகும். நகத்தடியில் புதிதாகக் கருங்கோடோ கறையோ தோன்றினால், அது புற்றாகவும் இருக்கக்கூடும். தாமதமின்றிக் காட்ட வேண்டும்.

பூஞ்சைதான் என உறுதியான பின் முதன்மையான மருந்து டெர்பினாஃபின் மாத்திரை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம். கால் நகத்திற்கு 12 வாரங்கள், கை நகத்திற்கு 6 வாரங்கள் என்பது வழக்கமான அளவு. ஈரலைப் பாதிக்கக்கூடும் என்பதால் முன்னதாக இரத்தப் பரிசோதனை செய்வார்கள். இட்ராகொனசோல் என்னும் மற்றொரு மாத்திரையும் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. இரண்டுமே வேறு சில மருந்துகளுடன் ஒத்துப்போகாதவை. எனவே கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், வேறு மருந்து உண்பவர்களும் அதனை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கி உண்பது அறவே கூடாது.

நோய் நகத்தின் நுனியளவில் நின்றிருந்தால், பூச்சு மருந்தே சிலருக்குப் போதுமானதாகும். அமொரால்ஃபின் 5 சதவீதப் பூச்சை வாரம் ஓரிரு முறை, கால் நகத்திற்கு 9 முதல் 12 மாதங்கள் வரை பூச வேண்டும். மிகவும் தடித்த நகத்தை 40 சதவீத யூரியாக் களிம்பால் மென்மையாக்கி, கத்தியின்றியே சிறிது சிறிதாக நீக்கும் முறையும் உண்டு. அறுவை செய்வது வலி மிகுந்தவர்களுக்கும், மருந்து பலிக்காத சிலருக்கும் மட்டுமே.

இங்குதான், சகோதரர்களே, நம்மில் பலர் தோற்றுப்போகிறோம். 12 வாரம் மாத்திரை முடிந்தபோது நமது நகம் பெரிதும் மஞ்சளாகவே இருந்தது. மனம் தளர்ந்து மருத்துவரிடம் முறையிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே நகத்தின் வேரைக் காட்டினார். அங்கே மெல்லிய பிறைபோல் தெளிந்த நகம் வெளிப்பட்டிருந்தது. கால் நகம் மாதத்திற்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். பெருவிரல் நகம் முழுதும் புதிதாக 12 முதல் 18 மாதங்கள் ஆகும். மாத்திரையை நிறுத்திய பின்னும் மருந்து நகத்தில் பல வாரங்கள் நின்று வேலை செய்கிறது. பழுதுற்ற பகுதி வளர்ந்து, வெட்ட வெட்டத்தான் மறையும். நமக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. மருந்தோடு ஸப்ரும் வேண்டும். எல்லோருக்கும் முழுக் குணம் கிட்டுவதில்லை, சிலருக்குத் திரும்ப வருவதும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

நகப்பூச்சு மருந்து இருக்கும்போது ஒளூ கூடுமா எனக் கேட்பீர்கள். நீர் புகாத படலம் நகத்தை மூடுமாயின் அது கவனிக்க வேண்டிய மஸ்அலாதான். மாத்திரையோ, படலம் விடாத திரவ மருந்தோ பொருந்துமா என முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பூச்சு மருந்துதான் வழி என்றால் நம்மிடம் தனியே வாருங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகைகளை உங்கள் மத்ஹபின்படி விளக்குவோம். இதற்காகத் தொழுகையையோ மருந்தையோ தாமாகவே விட்டுவிடாதீர்கள்.

ஒளூவில் கால்விரல்களைக் கோதிக் கழுவுவது சுன்னத். கழுவியபின் விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள். ஈரத்தில்தான் பூஞ்சை பெருகுகிறது. விரலிடையில் சேற்றுப்புண் இருந்தால் உடனே மருத்துவம் செய்யுங்கள். பெரும்பாலும் அங்கிருந்துதான் நகத்திற்கு ஏறுகிறது. நகவெட்டியும் துண்டும் ஒவ்வொருவருக்கும் தனியே இருக்கட்டும். ஹவ்ளுக்கும் கழிப்பறைக்கும் இடையே எல்லோரும் அணியும் பொதுச் செருப்புகளை நாள்தோறும் கழுவி வெயிலில் உலர்த்த நிர்வாகக் கமிட்டியினர் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியே ஒரு சொல். உணர்ச்சி மங்கிய காலில் தடித்த நகம் அழுத்திப் புண்ணாக்கினாலும் தெரியாது. அப்புண் முற்றிக் காலையே இழக்க நேரிடலாம். நாள்தோறும் பாதங்களைப் பாருங்கள். கண் மங்கியிருந்தால் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் இப்போது மாத்திரைகளை முடித்துவிட்டு, நகம் வளரக் காத்திருக்கிறார். நகம் இன்னும் முழுமையாகத் தெளியவில்லை. ஆயினும் முதல் ஸஃப்பில் தம் இடத்திற்குத் திரும்பிவிட்டார். இளைஞர்களே! அடுத்தவர் பாதத்தைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் சுளிக்கும் முகம் ஒருவரை ஜமாஅத்தை விட்டே விலக்கிவிடக்கூடும்.

நோயைத் தந்தவன் அதற்கு மருந்தையும் வைத்திருக்கிறான். அதைத் தேடுவதும், பொறுமையுடன் முடிப்பதும் நம் கடமை. நம் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.