நம்ம பொருளுக்கு நம்ம பேரு



1989-இல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. கூட்டத்தில் எழுந்து தன் பெயரைச் சொல்லவே பெண்கள் கூச்சப்பட்ட காலம் அது. பிறகு வங்கிக்குப் போனோம், மேடை ஏறினோம். இன்று கையில் போன் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கூச்சம் முழுசாகப் போகவில்லை. "நம்ம ஊறுகாயை நாமே நல்லா இருக்குன்னு சொன்னா தற்பெருமை ஆகாதா?" என்று கேட்கிறார்கள்.

ஆகாது அக்கா. நாம் சொல்லாவிட்டால், மொத்தமாக வாங்கிப் போகிறவர் தன் லேபிளை ஒட்டித் தன் சரக்கு என்று விற்பார். உழைப்பு நமக்கு, பேரும் லாபமும் அவருக்கு.

2018-இல் சிறு வியாபாரிகளுக்காகவே வாட்ஸ்அப் பிசினஸ் வந்தது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இதில் பொருளின் படமும் விலையும் அப்படியே இருக்கும். பிராட்காஸ்ட்டில் அனுப்பும் செய்தி, நம் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். அதனால் பொருளைக் கொடுக்கும்போதே, "நம்பரைக் குழுப் பேரோட சேவ் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிடுங்கள்.

அந்த எண் குழுவின் எண்ணாக இருக்கட்டும். ஒருத்தர் சொந்த எண் என்றால், அவர் விலகும்போது வாடிக்கையாளர்களும் அவரோடு போய்விடுவார்கள்.

நெட்டில் எடுத்த பளபளப்பான முறுக்குப் படம் வேண்டாம். நம் முறுக்கை நம் தட்டில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். செய்த தேதி, எடை, விலை, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் எல்லாம் தெரியட்டும். குழு நோட்டில் பொய்க் கணக்கு எழுதுவோமா? இதுவும் நம்ம நோட்டுதான்.

சில எச்சரிக்கைகள். இன்னொரு உறுப்பினரின் படத்தை அவரைக் கேட்காமல் போடாதீர்கள். முகம் காட்ட விருப்பமில்லாதவர் வேலை செய்யும் கையைக் காட்டினால் போதும். "பணம் அனுப்பறேன், பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை. பணம் பெறுவதற்குப் பின் நம்பரே தேவையில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்திலேயே ஒவ்வொரு குழுவும் ஒரு பொருளைப் படம் எடுத்து, கீழே குழுவின் பெயரைப் போட்டு அனுப்புங்கள். போன் பழக்கமில்லாத அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். கையெழுத்தையும் அப்படித்தானே ஒருத்திக்கு ஒருத்தி கற்றுக்கொடுத்தோம்!